தொட்டவுடன் பொருள் சொல்லாத செயலி

ஆங்கிலத் தொடர்களைச் சூழலை வைத்து ஊகிக்கப் பழக்கும் செயலி ஒன்றை இரண்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். தொட்டவுடன் பொருள் வராது. முதலில் நம் ஊகத்தை எழுத வேண்டும். ஆரம்பத்தில் எரிச்சல்தான். 'அண்டர் தி வெதர்' வந்தபோது, மழையில் மாட்டிக்கொண்டார் என்று எழுதினேன். அடுத்த வரியிலேயே மனிதர் விடுப்பு எடுத்து, மாத்திரை போட்டுப் படுத்திருந்தார். உடம்பு சரியில்லையாம்! அவசரக்குடுக்கை நான். இப்போதெல்லாம் அடுத்த இரண்டு வரி படிக்காமல் வாயைத் திறப்பதில்லை.

குறையும் உண்டு. கூட்டத்தில் ஒன்றை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது. நேர் எதிர்! பேசுகிறவர் எந்த நாட்டுக்காரர் என்று ஒரு துப்பும் தராமல் என் பதிலைத் தப்பு என்றது. அப்புறம் அந்த விளம்பரங்கள்... சரி, இலவசம்தானே.