ஆஷ் மர வண்டுக்கு எந்தப் பொறி: ஊதா அட்டையா, பச்சைப் புனலா, பட்டை உரித்த மரமா?

அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் ஆஷ் மரங்களைக் கொல்லும் எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2002-இல்தான் அடையாளம் காணப்பட்டது. செத்த மரங்களின் வளையங்களை ஆராய்ந்தபோது, 1990-களிலேயே அது வந்துவிட்டது தெரிந்தது. புழு பட்டைக்கு அடியில் ஒளிந்து தின்கிறது. உச்சிக்கிளை காயும்போது வண்டு பல வருஷம் குடியிருந்திருக்கும். மருந்து ஊசி போட்டுக் காப்பாற்றக்கூடிய காலம் அதற்குள் நழுவிவிடும். அதனால் ஒரு பொறி எவ்வளவு சீக்கிரம் சொல்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி.

இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் கூட்டமாக வந்து விழுகிற வகை வண்டு அல்ல இது. நிறத்தையும் இலை வாசனையையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஊதாப் பொறி என்பது மூன்று பக்கமுள்ள பிளாஸ்டிக் அட்டை. வெளியே முழுக்கப் பசை. மலிவு, எளிது, ஊர் ஊராகக் கட்டலாம். பச்சைப் புனல் பொறியில் புனல்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து வழுக்குப் பூச்சு பூசியிருப்பார்கள். வண்டு சறுக்கி அடியிலுள்ள கோப்பையில் விழும். ஆண் வண்டுகள் வெயில்படும் உச்சி இலைகளுக்கு மேலே பறந்து பெண்ணைத் தேடுவதால், பச்சைப் பொறியை உயரத்தில் கட்டினால் ஆண்கள் அதிகம் சிக்கும். விலை கூடுதல்தான், ஆனால் கழுவி அடுத்த வருஷமும் கட்டலாம்.

எனக்குப் புனல் பிடிக்க இன்னொரு காரணம், சிக்கியதை அடையாளம் காண்பது. பசையில் ஒட்டியதைப் பிய்த்து, கரைப்பானில் ஊறவைத்துத்தான் பார்க்க முடியும். அதற்குள் காலும் உணர்கொம்பும் போய்விடும். கோப்பையில் விழுந்தது முழுசாகக் கிடைக்கும். உள்ளூரிலும் பச்சையாக மின்னும் வண்டுகள் உண்டு. இறக்கை மூடியைத் தூக்கிப் பாருங்கள்: வயிற்றின் மேல்பக்கம் செம்புச் சிவப்பாக இருந்தால் இதுதான்.

சரி, வண்டு குறைவாக இருக்கும் இடத்தில் எது முந்தும்? பட்டை உரித்த மரம். வசந்தத்தில் ஓர் ஆஷ் மரத்தின் அடியில் பட்டையை வளையமாக உரித்துவிட்டால், வாடும் மரத்தைத் தேடி வண்டு வந்து முட்டையிடும். இலையுதிர் காலத்தில் வெட்டிச் சாய்த்துப் பட்டையைச் சீவினால், வளைந்து வளைந்து போகும் புழுத்தடமும், அதில் அடைந்த மரத்தூளும், வெண்மஞ்சள் புழுவும் கண்முன்னே. கூர்மையான முறைதான், ஆனால் ஒரு மரத்தைப் பலி கொடுக்க வேண்டும், சீவுவது முதுகொடிக்கும் வேலை. தெருவோர மரத்துக்கு எந்த ஊரும் இதற்குச் சம்மதிக்காது.

நகரங்களுக்குக் கனடாவில் உருவான கிளை முறையைத்தான் சொல்வேன். நடு உயரத்தில் இரண்டு கிளைகளை அறுத்து, அடிப்பகுதி 50 செ.மீ. பட்டையை மட்டும் சீவுகிறார்கள். மரம் பிழைக்கும், பதிலும் கிடைக்கும்.

அப்புறம், ஒரு குளவியும் இருக்கிறது. பேஸ்பால் மைதான மண்ணில் வளை தோண்டும் செர்செரிஸ் குளவி, இந்தக் குடும்பத்து வண்டுகளையே வேட்டையாடிக் கொண்டுவரும், மனிதரைக் கொட்டாது. கனெக்டிகட்டில் 2012-இல் இந்த வண்டு முதலில் பிடிபட்டது அதனிடமிருந்துதான். குளவி இருக்கும் ஊரில் மட்டுமே பயன்படும் என்பதே குறை.

பரந்த பகுதியை மேலோட்டமாகக் கவனிக்கப் பச்சைப் புனல். பட்ஜெட் இல்லையென்றால் ஊதா. ஆனால் இரண்டுமே காலியாக இருந்தால் ‘வண்டு இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் குளிர்காலத்திலேயே சந்தேகமுள்ள மரங்களில் கிளை அறுத்துப் பாருங்கள்.