ஜெலுத்தோங் சேற்றில் ஒரு கார்பன் ட்ரைபாட்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

விடியலைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் வாங்கும் பொருள்களிலேயே மிகவும் அலட்சியமாகத் தேர்ந்தெடுக்கப்படுவது கேமராவைத் தாங்கும் முக்காலியான ட்ரைபாட்தான் என்று நினைக்கிறேன். லென்ஸுக்கு மூன்று மாதம் யோசிப்பவர்கள், ட்ரைபாட்டைக் கடையில் மூன்று நிமிடம் ஆட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் 480 ரிங்கிட் கொடுத்து, 1.3 கிலோ எடையும் நான்கு அடுக்குக் கால்களும் கொண்ட ஒரு கார்பன் ஃபைபர் ட்ரைபாட்டை வாங்கினேன். ஏறக்குறைய இதே அமைப்பில் உள்ளவற்றைச் சந்தையில் பல பெயர்களில் விற்கிறார்கள் என்பதால், பெயரைச் சொல்வதைவிட அமைப்பைச் சொல்வதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பினாங்குத் தாவரவியல் பூங்காவின் அருகிலிருந்து கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ஏறும் ஜீப் பாதை சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளமும் முழங்காலைச் சோதிக்கும் செங்குத்தும் கொண்டது. பழைய அலுமினிய ட்ரைபாட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு அதில் ஏறிய நாள்களில், 1923 முதல் ஓடிக்கொண்டிருக்கும் மலை ரயிலைப் பாதி வழியிலேயே நினைத்துப் பெருமூச்சு விட்டிருக்கிறேன். இந்தப் புதிய ட்ரைபாட் பையின் பக்கவாட்டில் செருகப்பட்டிருப்பதே தெரியவில்லை. மலையுச்சியில் தரை கெட்டியாக இருப்பதால் கால்கள் அசையவும் இல்லை. ஜார்ஜ் டவுனின் தெருவிளக்குகள் அணையாமல் இருக்க, பள்ளத்தில் பனிமூட்டம் தேங்கியிருக்க, பெருநிலத்துக் குன்றுகளுக்குப் பின்னால் வானம் வெளுக்கும் அந்தச் சில நிமிடங்களை ஷட்டரை நான்கு விநாடி திறந்து வைத்து எடுத்த படம், ஒவ்வொரு விளக்கும் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும் அளவுக்குக் கூர்மையாக வந்தது. மலைக்கு மட்டும் போகிறவர் இத்துடன் நிறுத்திக்கொண்டு தாராளமாக வாங்கலாம்.

கடலோரத்தில் கதை வேறு. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி நேரம் முன்தள்ளப்பட்டதால், பினாங்கில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் எழுகிறது. ஆகையால் தூக்கத்தை அதிகம் இழக்க வேண்டியதில்லை. ஆனால் நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் சூரியன் ஏறக்குறைய நேர்மேலாக ஏறுவதால், வானத்தின் நிறம் வந்த வேகத்தில் போய்விடுகிறது. முழு வட்டமும் வெளியே வர இரண்டு நிமிடத்திற்குச் சற்று அதிகமாகவே ஆகும். இந்த அவசரத்தில்தான் முதல் குறை தெரிந்தது. ஒவ்வொரு காலிலும் மூன்று என்று மொத்தம் ஒன்பது பூட்டு வளையங்களை இருட்டில் திருக வேண்டும்; எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதற்குக் கையால் தடவி அறியக்கூடிய அடையாளம் ஒன்றும் இல்லை. அரைகுறையாக இறுகிய ஒரு கால் மெல்ல உள்ளே வழுகி, கேமரா முகம் குப்புறச் சாய்ந்ததை நான் கழுத்துப் பட்டையைப் பிடித்துத்தான் காப்பாற்றினேன்.

முதல் நாள் படங்கள் எல்லாம் மங்கலாக வந்ததற்கும் இந்த ட்ரைபாட்டையே திட்டினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோது, அது ஆட்டத்தால் வந்த மங்கல் அல்ல என்று புரிந்தது. இரவெல்லாம் ஏர்கோன் அறையில் குளிர்ந்து கிடந்த லென்ஸ், வெளியே ஈரக்காற்று பட்டதும் நீர் பூத்துவிட்டிருக்கிறது. இப்போது கேமராப் பை கூடத்தில்தான் தூங்குகிறது.

உண்மையான சோதனை பினாங்குத் தீவின் கிழக்குப் பக்கமுள்ள ஜெலுத்தோங் கரையில் நடந்தது. பினாங்குப் பாலத்தை முன்னால் மீனவர் படகுகளோடு சேர்த்து எடுக்க அதைவிட எனக்குப் பிடித்த இடம் இல்லை. கடல்மேல் தூண்கள் நட்டுக் கட்டிய பலகை வீடுகள் உள்ள சியூ ஜெட்டிக்கு ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். மக்கள் தூங்கும் வீடுகளின் வாசலில் விடிவதற்கு முன் பலகைகளைத் தடதடக்கவிட எனக்கு மனமில்லை. அன்று கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்க்காமலேயே போய், வற்றிக் கிடந்த கரையில் இறங்கி, லென்ஸின் முன் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் என்ற கருங்கண்ணாடியை மாட்டினேன். அந்த ஃபில்டர் ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைப்பதால், முப்பதில் ஒரு விநாடி எடுக்க வேண்டிய படத்துக்கு முப்பது விநாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். சுண்டு விரல் பருமனே உள்ள கடைசி அடுக்கு, அந்த முப்பது விநாடிக்குள் சேற்றில் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. படத்தில் பாலம் பட்டர்வொர்த் பக்கமாகச் சரிந்திருந்தது. முன்னால் நின்ற கொக்குக்கு இரண்டு தலைகள்.

காலைப் பிடித்து இழுத்தேன். கால் வந்தது, அடியில் இருந்த ரப்பர் வரவில்லை. அது திருகுமரை இல்லாமல் வெறுமனே அழுத்திச் செருகப்பட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “ஏன் தம்பி, தண்ணி வத்துற நேரத்துல அங்க எறங்குனீங்க? ஒரு மணி நேரம் பொறுத்தா தானா ஏறி வந்திருக்குமே,” என்றார். நான் அசடு வழிந்துகொண்டே முழங்கால் சேற்றோடு ரோட்டி சானாய் கடைக்குப் போனேன். உள்ளே உட்காரச் சொல்ல அவர்களுக்கும் மனம் வரவில்லை, வாசல் மேசையில்தான் பசியாறினேன்.

வீட்டில் சமையலறைத் தொட்டியில் வைத்துக் காலைக் கழற்றிக் கழுவியபோது அடுத்த நட்டம். இத்தகைய கால்களில் மேல் குழாய்க்கும் கீழ்க் குழாய்க்கும் நடுவே அரைவட்டமான இரண்டு பிளாஸ்டிக் தகடுகள் இருக்கும். பூட்டு வளையம் இறுகும்போது பிடிமானம் தருபவை அவைதாம். அவற்றுள் ஒன்று நழுவித் தண்ணீரோடு போய்விட்டது. நகத்தளவே உள்ள அந்தத் தகடு இல்லாமல் கால் வெறுமனே சுழன்றது. விற்ற கடையில் கேட்டால் உதிரிப் பாகம் தனியாக வராது, புதிய கால் முழுவதையும் வாங்குங்கள் என்றார்கள்; அதன் விலை ட்ரைபாட் விலையில் மூன்றில் ஒரு பங்கு. தண்ணீர்ப் புட்டியிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் துண்டுதான் இன்றுவரை அந்த இடத்தில் வேலை செய்கிறது. கார்பன் துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் கால்களை மேல்தட்டோடு இணைக்கும் திருகாணிகள் இரும்பு, அவற்றில் நான்காம் மாதமே செம்புள்ளிகள் தோன்றின. கடலுக்குப் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, அடுக்குகளை நீட்டி வைத்துக் காயவிட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படம் இதே ட்ரைபாட்டில் எடுத்ததுதான். ஐந்தாம் முறை, அட்டவணையைப் பார்த்து, கடல் ஏறியிருந்த ஒரு காலையில், சேற்றில் இறங்காமல் கரையின் சிமென்ட் தளத்திலேயே நின்றேன். நடுத்தண்டை உயர்த்தாமல், கடைசி அடுக்கை நீட்டாமல், அடியிலுள்ள கொக்கியில் பையைத் தொங்கவிட்டபோது ட்ரைபாட் என் இடுப்புயரமே இருந்தது. படகுகளுக்குப் பின்னால் கடல் இஸ்திரி போட்ட வேட்டிபோல் மடிப்பின்றிக் கிடக்க, பாலத்தின் ஒவ்வொரு தூணும் நேராக நின்றது.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கடலோரத்துக்கு வாங்குகிறவர்கள் அரை கிலோ கூடுதலானாலும் மூன்று அடுக்குக் கால் உள்ளதைப் பாருங்கள். கடையிலேயே ரப்பரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். என்னுடையதற்கு இரும்புச் சாமான் கடையில் கைத்தடிக்கான ரப்பர் மூடிகள் மூன்று வாங்கிப் பசையிட்டு மாட்டியிருக்கிறேன்.