லிவர் எம்ஆர்ஐ எடுக்க இந்த சென்டருக்கு வரலாம், கவுண்டரில் மட்டும் உஷாராக இருங்கள்

லிவரில் ஏதோ கட்டி மாதிரி தெரிகிறது, எம்ஆர்ஐ எடுத்து வாருங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, எங்கே போவது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை தண்டையார்பேட்டை மெட்ரோவிலிருந்து நடந்தே வந்துவிடலாம். உள்ளே ஸ்கேன் எடுப்பவர்களின் வேலை அருமை, அதற்கு ஐந்து நட்சத்திரம் தருவேன். வெளியே கவுண்டரில் நடந்ததற்கு இரண்டுக்கு மேல் தர மனசு வரவில்லை.

அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி பல வருஷமாக இருக்கிறது. அந்த வைரஸ் உள்ளவர்களுக்கு லிவர் கேன்சர் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்வார்கள். இந்த முறை வலது பக்கம் இரண்டரை சென்டிமீட்டரில் ஒன்று தெரிந்தது. லிவர் கேன்சர் இருந்தால் ஏறக்கூடிய ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனை நார்மல். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டார்கள், ஆனால் சின்னக் கட்டியாக இருக்கும்போது ஏஎஃப்பி ஏறாமலே இருப்பது சகஜம் என்று சொல்லி, கான்ட்ராஸ்ட் எம்ஆர்ஐ, அதாவது கையில் மருந்து ஏற்றி எடுப்பது, என்று தெளிவாகச் சீட்டில் எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

கவுண்டரில் இருந்த பெண் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ப்ளெய்ன் எடுத்தாலே போதும்க்கா, காசு பாதிதான் ஆகும்" என்றாள். நல்ல மனசோடு சொல்லியிருக்கலாம். ஆனாலும் இதை நான் லேசாக விடமாட்டேன். கைக்காசு போட்டு ஸ்கேன் எடுக்க வருகிற குடும்பத்தில் பாதிப் பேர் அந்த ஒரு வார்த்தையில் சரி என்று தலையாட்டிவிடுவார்கள், லிவர் கட்டி விஷயத்தில் அங்கேயே பாதிக் காரியம் கெட்டுவிடும். டாக்டர் எழுதியதை மாற்றச் சொல்லும் வேலை கவுண்டருக்கு எதற்கு?

கான்ட்ராஸ்ட் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், லிவருக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாக, கால் பங்குதான் தமனி வழியாக. லிவரிலேயே உண்டாகும் கேன்சர் கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தைத்தான் உறிஞ்சும். அதனால் கையில் மருந்து ஏற்றி அரை நிமிடம் தாண்டியதும் எடுக்கிற படத்தில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும். ஒரு நிமிடம் கழிந்து போர்ட்டல் வழியாக மருந்து வந்ததும் சுற்றியுள்ள லிவர் வெளுக்கும், கட்டி அதைவிடக் கறுத்துப்போகும். மூன்று நிமிடம் போல ஆன பிறகு இன்னொரு முறை எடுப்பார்கள். பளிச்சிட்டு, பிறகு கறுக்கிறதா என்பதை வைத்துத்தான் இது கேன்சரா என்று சொல்கிறார்கள். இந்த ஹெபடைடிஸ் பி வைரஸ் அல்லது சிரோசிஸ் (லிவர் தழும்பேறி இறுகிப்போவது) உள்ளவர்களுக்கு இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் பெரும்பாலும் ஊசி குத்தி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியே தேவைப்படாது. ப்ளெய்ன் படத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரியலாம், அது என்ன என்று சொல்ல முடியாமல் போய்விடும்.

ஒவ்வொரு படத்துக்கும் பதினைந்து இருபது விநாடி மூச்சைப் பிடித்தபடி இருக்க வேண்டும். அந்த முதல் படம் எடுக்கும்போது நோயாளி மூச்சு விட்டுவிட்டால் படம் கலங்கிப்போகும், அந்த நேரம் திரும்ப வராது, மறுபடி வேறொரு நாள் ஊசி போட்டுத்தான் எடுக்க வேண்டும். இதை இங்குள்ள டெக்னீஷியன் எவ்வளவு பொறுப்பாகக் கையாண்டார் என்பதற்காகவே இந்த ரிவ்யூ. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், காதும் கொஞ்சம் மந்தம். அவரை மெஷினுக்குள் அனுப்புவதற்கு முன்னால் வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, அவர் கையை அவர் வயிற்றின் மேலேயே வைத்து, "ஐயா, மூச்சை இழுங்க, முழுசா வெளிய விடுங்க, விட்ட எடத்துலயே அப்படியே நிறுத்துங்க" என்று வயிறு அசையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பப் பழக்கினார். இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் லிவர் வேறு வேறு உயரத்தில் நிற்கும், விட்டுப் பிடித்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும் என்று எனக்கும் விளக்கினார். வெளியே ஆள் வரிசையாகக் காத்துக்கொண்டிருந்தும் அவசரப்படவே இல்லை.

அரைஞாண் கயிற்றில் கோத்த வெள்ளித் தாயத்தைக் கழற்ற அப்பா சம்மதிக்கவில்லை, அம்மா கட்டிவிட்டது. வயிற்றுக்கு நேராக உலோகம் இருந்தால் படமும் கெடும், சூடும் ஏறும் என்று டெக்னீஷியன் பொறுமையாகச் சொல்லி, கயிற்றை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்து, ஒரு கவரில் போட்டு என் கையிலேயே கொடுத்தார். பெண்களுக்குத் தாலிக் கயிற்றில் ஊக்கு, காலில் மெட்டி எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் வைத்த கருவி எதுவாக இருந்தாலும் டோக்கன் போடும்போதே சொல்லிவிட வேண்டும்.

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்த ரிப்போர்ட் இல்லாமல் ஊசி போட மாட்டோம் என்று உறுதியாக நின்றார்கள், அதுவும் எனக்குப் பிடித்தது. எம்ஆர்ஐ மருந்தில் இருப்பது கடோலினியம், கிட்னி ரொம்ப மோசமாக உள்ளவர்களுக்கு அதில் சில வகை ஆபத்து. சுகர், பிபி உள்ளவர்கள் முந்தைய நாளே ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு வந்தால் அலைச்சல் மிச்சம். நாலு மணி நேரமாவது வெறும் வயிறாக இருக்கச் சொல்வார்கள், அதனால் சுகர்காரர்கள் காலை முதல் ஸ்லாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மெஷினின் காந்த சக்தி 1.5 டெஸ்லாதான். 3 டெஸ்லா என்று பெரிய போர்டு வைத்திருக்கும் இடத்துக்குப் போகலாமா என்று தம்பி கேட்டான், லிவருக்கு 1.5 தாராளமாகப் போதும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு 3 டெஸ்லாவில் படம் சில சமயம் கறுத்துக் கறுத்து விழும் என்றும் சொன்னார். இன்னொன்று, லிவர் செல்லே உறிஞ்சிக்கொள்ளும் தனி மருந்து ஒன்று உண்டு, ப்ரிமோவிஸ்ட் என்பார்கள், இருபது நிமிடம் கழித்தும் ஒரு படம் எடுக்க வேண்டும், விலையும் அதிகம். அது இங்கே கிடைக்கிறது. அப்பாவுக்குச் சாதாரண மருந்துதான் எழுதியிருந்தார்கள்.

ரிப்போர்ட் மறுநாள் சாயங்காலம் வந்தது. அல்ட்ராசவுண்டில் பார்த்துப் பயந்தோமே அந்த இரண்டரை சென்டிமீட்டர், அது ஹெமாஞ்சியோமா, வெறும் ரத்தநாளக் கட்டி, ஒன்றும் செய்ய வேண்டாம். ஓரத்திலிருந்து திட்டுத் திட்டாக மருந்து உள்ளே நிரம்பிக்கொண்டே வந்ததை வைத்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் லிவரின் எட்டாவது செக்மென்டில் (லிவரை எட்டுப் பகுதியாகப் பிரித்து எண் போடுவார்கள்) அல்ட்ராசவுண்டில் தெரியாமலே இருந்த இன்னொன்று, 1.3 சென்டிமீட்டர், முதல் படத்தில் பளிச்சிட்டு அடுத்ததில் கறுத்திருந்தது, எல்ஆர்-5. அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வகுத்த லை-ராட்ஸ் என்ற அளவுகோலில் அதற்குக் கேன்சர்தான் என்று அர்த்தம். படித்ததும் கை கால் ஓடவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதாகப் பிடித்தது நல்லது, ஊசி வழியாகச் சூடு கொடுத்தே எரித்துவிடலாம் என்றார், பயாப்சி வேண்டாம் என்றும் சொன்னார். ப்ளெய்னோடு திரும்பியிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

ரிப்போர்ட்டில் ஒரு குறை, பழைய அல்ட்ராசவுண்டோடு ஒப்பிட்டு ஒரு வரிகூட இல்லை, இத்தனைக்கும் அதன் நகலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போய்க் கேட்டதும் ரேடியாலஜி டாக்டரே பேசி, சேர்த்துக் கொடுத்தார். பெரிய கவரில் ஃபிலிம் மட்டும் தந்தார்கள், சிடி தனியாகக் கேட்டால்தான் தருகிறார்கள். அவசியம் கேட்டு வாங்குங்கள், ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் ஃபிலிமைவிட சிடியில்தான் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்க்கிறார்கள்.

மருந்தோடு சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. வசதி இல்லாதவர்கள் முதலில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கொண்டுபோய்க் கேளுங்கள். பத்து மணிக்கு மேல் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, நடக்க முடியாதவர்களை ஆட்டோவில் வாசல்வரை கொண்டுவந்து இறக்குவதுதான் சரி. வாசலில் சாய்தளம் இருக்கிறது, வீல்சேர் ஒன்றே ஒன்றுதான்.

கட்டியைச் சூட்டில் எரிக்கும் அந்த அப்லேஷன் முடிந்து ஒரு மாதத்தில் அப்பாவுக்கு மறுபடி எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரே முறையில் எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கச் சுலபம் என்பதால் இங்கேதான் அழைத்து வருவேன், அந்த டெக்னீஷியன் எந்த ஷிப்டில் இருக்கிறார் என்று போன் செய்து கேட்டுவிட்டு.