குறிப்புரையுடன் துணைநூற்பட்டியல்: அட்டையா, மெண்டலேயா, ஸோட்டெரோவா?

ஒரு நூல் எதை நிறுவ முயல்கிறது, எந்தச் சான்றுகளைச் சார்ந்து நிற்கிறது, நம் ஆய்வுக்கு எவ்விடத்தில் பயன்படும் என்பதை ஒரு பத்தியில் எழுதி, துணைநூற்பட்டியலில் அந்நூலின் விவரத்துக்குக் கீழே சேர்ப்பதே குறிப்புரையின் வேலை. தமிழ் மூலங்களையும் ஆங்கில மூலங்களையும் கலந்து பயன்படுத்தும் ஆய்வாளரை மனத்தில் வைத்து, அதற்கான மூன்று வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: கையால் எழுதும் குறிப்பட்டை, நூல் விவரங்களைச் சேகரித்துத் துணைநூற்பட்டியல் அமைத்துத் தரும் மென்பொருள்களான மெண்டலே, ஸோட்டெரோ.

விவரங்களைச் சேகரிப்பதில் அட்டைக்குத் தோல்விதான். ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைக்கு உரிய நிலையான அடையாள எண்ணான டிஓஐயைக் கொடுத்தால் ஸோட்டெரோ ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்கம் அனைத்தையும் நொடியில் நிரப்பிவிடும், மெண்டலேயும் அப்படியே. ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்தோ இலங்கைத் தமிழ் நூல்களின் மின்னூலகமான 'நூலகம்' தளத்திலிருந்தோ இறக்கிய பழைய நூலின் ஒளிவருடல் கோப்பைக் கொடுத்தால் இரண்டுமே பெரும்பாலும் கைவிரித்துவிடும். தலைப்புப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நாமேதான் தட்டச்சு செய்ய வேண்டும். வெளிநாட்டு நூலகப் பட்டியலிலிருந்து எடுத்தால் வேறொரு தொல்லை வருகிறது. உ. வே. சாமிநாதையரின் பெயர் அமெரிக்க நூலகங்களின் ஒலிபெயர்ப்பு முறையில் 'சி' எழுத்திலும் வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'எஸ்' எழுத்திலும் தொடங்குவதால், ஒரே ஆசிரியர் அகரவரிசையில் இரண்டு இடங்களில் போய் உட்காருவார். ஸோட்டெரோவில் பெயரை முன்பெயர், பின்பெயர் என்று பிரிக்காமல் ஒற்றைப் புலமாக மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், குடும்பப் பெயர் என்ற ஒன்றே இல்லாத நம் ஆசிரியர்களைச் சிதைக்காமல் பதிவு செய்யலாம்.

குறிப்புரையைச் சேமித்து அச்சுக்குக் கொண்டுவருவதில்தான் ஸோட்டெரோ முந்துகிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு பதிவின் கீழும் குறிப்பு எழுதி, பதிவுகளைத் தேர்ந்தெடுத்து அறிக்கை உருவாக்கச் சொன்னால், விவரமும் குறிப்பும் சேர்ந்த ஒரு பக்கம் கிடைக்கும். ஆனால் சேர்த்த தேதி, மாற்றிய தேதி என்று வேண்டாதவையும் அதில் வரும் என்பதால், அது வரைவுக்கே ஏற்றது. இரண்டாவது வழி, குறிப்புரையை 'எக்ஸ்ட்ரா' புலத்தில் எழுதிவிட்டு, சிகாகோ என்னும் மேற்கோள் முறையில் குறிப்புரைக்கென்றே அமைந்த பாணியைத் தேர்வது. அப்போது மேற்கோள் விவரத்தின் கீழே குறிப்புரை தானாகவே அமையும். அப்புலத்தில் ஏற்கெனவே வந்து தங்கியிருக்கும் அடையாள எண்களை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் அவையும் சேர்ந்து அச்சாகக்கூடும்.

மெண்டலேயைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கோப்புகளை இணையத்தில் சேமிக்க இலவசமாக 2 ஜிபி இடம் தருகிறது. ஸோட்டெரோ தருவது 300 எம்பிதான். ஆயினும் 2013இல் ஆய்விதழ்ப் பதிப்பகமான எல்செவியர் வாங்கிய இம்மென்பொருள், 2018இல் பயனரின் கணினியிலுள்ள தரவுத்தளத்தையே மறையாக்கம் செய்து, பிற மென்பொருள்கள் அதை நேரடியாகப் படிக்க முடியாதபடி ஆக்கியது. ஆண்டுக்கணக்கில் சேர்க்கும் குறிப்புகளை அப்படிப்பட்ட இடத்தில் வைக்க எனக்கு மனமில்லை.

இனி அட்டை. எழுத இடம் சிறிது என்பதே அதன் பலம். மென்பொருளோ கட்டுரையின் ஆய்வுச்சுருக்கத்தையும் தானே கொண்டுவந்து நிரப்பிவிடுவதால், அதில் நான்கு சொற்களை மாற்றிக் குறிப்புரையாக ஒப்படைக்கும் பழக்கம் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. ஆய்வுச்சுருக்கம் என்பது ஆசிரியர் தம் கட்டுரையைப் பற்றிச் சொல்வது. அக்கட்டுரையின் சான்று போதுமா, அது நம் வாதத்தை வலுப்படுத்துகிறதா, மறுக்கிறதா என்ற மதிப்பீடு அதில் இருக்காது. அட்டையில் கைப்பட எழுதுபவர் அந்த மதிப்பீட்டைத் தவிர்ப்பது கடினம்.

ஆகவே பதினைந்து, இருபது மூலங்கள் கொண்ட பருவக் கட்டுரைக்கு அட்டைகளும் ஒரு வேர்டு கோப்பும் தாராளமாகப் போதும். முனைவர் பட்ட ஆய்வுக்கு ஸோட்டெரோவைத்தான் பரிந்துரைப்பேன், குறிப்புரையின் முதல் வடிவத்தை அட்டையில் எழுதிய பிறகே உள்ளிட வேண்டும் என்ற நிபந்தனையுடன். 300 எம்பி போதவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை: கோப்புகள் இணையத்துக்குப் பதிவேறும் ஒத்திசைவை நிறுத்திவிட்டு அவற்றைத் தம் கணினியிலேயே வைத்துக்கொண்டால், நூல் விவரங்களும் குறிப்புகளும் அந்த அளவில் கணக்கிடப்படுவதில்லை.