நான்கு குரல்களும் தனித்துக் கேட்கும் பதிவு: வால்கா வாசித்த பாஹின் ஜி மைனர் ஃபூக்

ஜெர்மானிய ஆர்கன் இசைஞர் ஹெல்முட் வால்கா 1962-இல் நெதர்லாந்தின் ஆல்க்மார் நகரத் தேவாலயத்தின் குழாய் ஆர்கனில் வாசித்து, ஆர்க்கிவ் என்ற இசைப்பதிவு நிறுவன முத்திரையில் வெளியான, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் ஜி மைனர் ஃபேன்டசியாவும் ஃபூகும் (அவர் படைப்புப் பட்டியலில் 542) இன்றும் குறுந்தகட்டிலும் இணைய இசைச் சேவைகளிலும் கிடைக்கின்றன. இதைவிட வேகமான பதிவுகளும், ஒலித்துல்லியத்தில் மேம்பட்டவையும் பின்னர் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் ஒரே மெட்டைப் பல குரல்கள் (தனித்தனி இசை வரிகள்) ஒன்றன்பின் ஒன்றாக ஏற்கும் ஃபூக் என்ற வடிவத்தைக் காதால் பிடித்துக்கொள்ள விரும்புகிறவருக்கும், நண்பர்களோடு கேட்டு விவாதிக்க நினைப்பவருக்கும் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இதைத்தான்.

ஃபூக் தொடங்கும்போது மேல்குரல் துணையேதுமின்றி மூல மெட்டை வாசிக்கிறது. அது முடிந்ததும் அதே மெட்டை அடுத்த குரல் வேறொரு சுருதி நிலையில் ஏற்க, மேல்குரல் ஓய்ந்துவிடாமல் ஒரு துணை மெட்டுக்கு நகர்கிறது. பிறகு மூன்றாவது குரல் வருகிறது. கடைசியில், கைகளால் வாசிக்கவே சிரமமான அந்தத் துள்ளல் மெட்டைக் கால்கள் பெடலில் வாசிக்கின்றன. 115 பார் (தாளக் கட்டம்) நீளும் இந்தப் படைப்பில் மெட்டு திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பது எளிது. அது வராத இடைப்பகுதிகளில் அதன் துணுக்குகள் எப்படிக் கைமாறுகின்றன, பெடல் எங்கே நெடுநேரம் மௌனமாக இருந்து மீண்டும் நுழைகிறது என்பதைப் பிடிப்பதுதான் கடினம், சுவையும் அங்கேதான் இருக்கிறது. பல பதிவுகளில் இந்த இடங்கள் எதிரொலியில் குழம்பிப்போய், பிரம்மாண்டமான ஓசை மட்டுமே எஞ்சுகிறது. வால்காவிடம் நடுக்குரல்கள்கூட மறைவதில்லை. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே அவர் விடும் சிறு இடைவெளி, மாறாத கதி, அளவாகத் தேர்ந்தெடுத்த குழாய்த் தொகுதிகள் ஆகியவை சேர்ந்து தரும் தெளிவு இது.

இந்தத் தெளிவுக்கு அவருடைய வாழ்க்கையிலும் ஒரு காரணம் உண்டு. இளமையிலேயே பார்வையை இழந்த வால்கா, ஒரு படைப்பின் ஒவ்வொரு குரலையும் தனியாகப் பிறர் வாசிக்கக் கேட்டு, ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்து, பின்னரே மனத்துக்குள் ஒன்றிணைத்தார். முதலில் தாயும் பின்னர் மனைவியும் அவருக்கு அவ்வாறு வாசித்துக் காட்டினர். நான்கு தனி வரிகளாகக் கற்றவர் நான்கு தனி வரிகளாகவே வாசிக்கிறார் என்று சொல்வது மிகையாகாது.

கருவியின் பங்கும் சிறிதல்ல. பதினேழாம் நூற்றாண்டில் ஹாகர்பேர் குடும்பத்தார் ஆல்க்மாரில் அமைத்த ஆர்கனை, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துப் புகழ்பெற்ற ஆர்கன் தயாரிப்பாளர் ஆர்ப் ஷ்னிட்கரின் மகன் ஃபிரான்ஸ் காஸ்பர் 1720-களில் புதுப்பித்தார். பாஹ் 1720-இல் ஹாம்பர்க் சென்று முதியவரான ஆர்கன் இசைஞர் ராயின்கன் முன் வாசித்தார் என்பது வரலாறு; இந்த ஃபூகை அந்தப் பயணத்தோடு இணைத்துப் பேசுவோரும் உண்டு. மூல மெட்டு ஒரு டச்சு நாட்டுப்பாடலை ஒத்தது என்பதால், அதை ஒரு டச்சுத் தேவாலயத்தில் ஹாம்பர்க் கைவண்ணம் கொண்ட கருவியில் கேட்பது பொருத்தமாகவே படுகிறது.

ஃபூகுக்கு முன்வரும் ஃபேன்டசியா எனக்கு அந்த அளவு நிறைவளிக்கவில்லை. துணிச்சலான சுருதி மாற்றங்களும் உரசும் ஸ்வரங்களும் நிறைந்த அந்தப் பகுதி தடுமாறவும் பெருமூச்சு விடவும் இடம் கேட்கிறது. வால்கா அதையும் கணக்குப் பார்ப்பவர் போல நிதானமாகவே கடந்து செல்கிறார். ஃபூகிலும் அவருடைய சமநிலை சிலருக்கு வறட்சியாகத் தோன்றலாம். என்னோடு சேர்ந்து கேட்ட நண்பர் ஒருவர், இறுதிப் பகுதியிலாவது ஒலியைப் பெருக்கி உச்சத்தைக் காட்டியிருக்கலாம் என்று வாதிட்டார். உச்சம் ஓசையில் அல்ல, பெடல் மெட்டோடு திரும்பி நுழையும் அடர்த்தியில் இருக்கிறது என்பது என் கட்சி, இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பலராகக் கேட்பதாக இருந்தால், ஆளுக்கொரு குரலைப் பங்கிட்டுக்கொண்டு, அதை மட்டும் முடிவு வரை பின்தொடர்ந்த பிறகு பேசத் தொடங்குவது நல்லது. நடுக்குரல் எடுத்தவர் பாதியில் வழி தவறுவது நிச்சயம், எந்த இடத்தில் தவறியது என்பதிலிருந்தே நல்ல விவாதம் பிறக்கும். செல்பேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். பதினாறு அடிக் குழாயின் அடி ஸ்வரம் ஏறத்தாழ 33 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிப்பது. சிறிய ஒலிபெருக்கிகள் அதை விழுங்கிவிடுவதால், பெடல் எடுத்தவருக்குப் பாதி வேலை இல்லாமல் போய்விடும். பழைய நாடாப் பதிவுக்குரிய மெல்லிய இரைச்சல் நல்ல ஹெட்ஃபோனில் தெரியும், ஆனால் இரண்டாவது குரல் நுழைவதற்குள் அது கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது.