ரீஜெக்ஸ்ல இருந்து வரிசையா ஸ்ட்ரிங் எடுக்கிற லைப்ரரி: மூணு மாங்கா சீசன் ஓட்டிப் பாத்த அனுபவம்

தர்மபுரி ஃப்ரெண்டு ஒருத்தன் நேத்து போன் பண்ணி, "மச்சான், என் டோக்கன் நம்பருக்கு ஒண்ணு வேணும், பேட்டர்ன் குடுத்தா ஸ்ட்ரிங்க வரிசையா குடுக்கற லைப்ரரி வச்சிருக்கியே, நம்பி எறங்கலாமா"ன்னு கேட்டான். அவனுக்கு ஒரு வார்த்தைல பதில் சொல்ல வரல, அதான் எழுதறன். (ஸ்ட்ரிங்னா எழுத்தும் நம்பரும் சேந்த கோர்வை; அது எப்படி இருக்கணும்னு சொல்ற பேட்டர்ன் தான் ரீஜெக்ஸ்.)

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்கு கிரேட் (மாங்கா அடுக்கற பெட்டி) மேல ஒட்டற லேபிள் நம்பருக்கான சாஃப்ட்வேர் நான்தான் பாத்துக்கறன். ஆரம்பத்துல நானே எழுதுன ஸ்கிரிப்ட் தான் ஓடுச்சி, அதுல டூப்ளிகேட் தொல்லை. பேட்டர்ன்ல 'ஏ இல்லாட்டி ஏபி', அடுத்து 'சி இல்லாட்டி பிசி'ன்னு இருந்தா ஏபிசி ரெண்டு தடவ வரும். ரெண்டு விவசாயி கிரேட்ல ஒரே நம்பர் ஒட்டுனா எடை யாருக்குப் போவும்? இந்த லைப்ரரி பேட்டர்ன மொதல்ல டிஎஃப்ஏவா, அதாவது எந்த எழுத்து வந்தா அடுத்து எங்க போவணும்னு ஒரே வழி காட்டற வரைபடமா மாத்திடுது, 1959ல ராபின், ஸ்காட்னு ரெண்டு கம்ப்யூட்டர் விஞ்ஞானிங்க காட்டுன வழி, ஒரு ஸ்ட்ரிங்குக்கு ஒரே பாதை தான், அதனால மூணு சீசன்ல ஒரு டூப்ளிகேட் கூட இல்ல.

இன்னொண்ணு, 48,000வது லேபிள் எதுன்னு கேட்டா மொதல்ல இருந்து எண்ணாம நேரா எடுத்துக் குடுக்குது. அந்த வரைபடத்துல ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் (நிக்கற எடம்) கீழ எத்தன ஸ்ட்ரிங் இருக்குதுன்னு கணக்கு வச்சிக்கிட்டு தாண்டித் தாண்டி எறங்குது. கரண்ட் போயி பிரின்டர் நின்னா, விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கறதுக்கு இத விட வேற என்ன வேணும். மனசார பாராட்டறன்.

ஆனா அந்த வரிசை இருக்குதே, அதுதான் இன்னும் ஆறல.

எங்க லேபிள் ஒண்ணு இல்லாட்டி ரெண்டு எழுத்து, அப்புறம் நாலு நம்பர். மொத்தம் 70,20,000. ஏ9999 முடிஞ்சா பி0000 வரும்னு தான எவனும் நெனைப்பான், வண்டி நம்பர் கூட அப்படித்தான போவுது. இதுல ஏஏ0000 வருது! ஏஏ, ஏபின்னு ஏஇசட் வரைக்கும் போயி, பி0000 வர்றது 2,70,001வது எடத்துல. போன ஜூன்ல ஏஏ ரோல பாத்த யார்டு அண்ணன் "இது வேற ரோலுங்க"ன்னு ஓரமா வச்சிட்டாரு, லேபிள் இல்லாம ஒரு லாரி பெங்களூரா மாங்கா மத்தியானம் பூரா வெயில்ல நின்னுச்சி. அந்த டிரைவர் மூஞ்ச பாக்க முடியல.

டாக்குமென்டேஷன்ல அகராதி வரிசைன்னு (நீளத்த பாக்காம மொத எழுத்துல இருந்து ஒப்பிட்டு அடுக்கறது, நம்பர் எழுத்துக்கு முன்னாடி வரும்) ஒரு வரி இருக்குது, பொய் சொல்லல. ஆனா நீளம் வாரியா, சின்னது மொதல்லன்னு ஒரு ஆப்ஷன் குடுத்திருக்கலாமே? பேட்டர்ன்ல ஸ்டார் குறி போட்டா இன்னும் மோசம், ஏ, பி ரெண்டும் எத்தன தடவ வேணா வரலாம்னு சொல்லுங்க, ஏ, ஏஏ, ஏஏஏன்னு போயிட்டே இருக்கும், வெறும் பி வரவே வராது. நீளம் வாரியா போனா அதுக்கும் முறை வரும்.

இப்ப பேட்டர்ன ஒத்த எழுத்துக்கு ஒண்ணு, ரெண்டு எழுத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டா பிரிச்சி ஓட்டறன், நீளம் ஒண்ணா இருந்தா அகராதி வரிசையே சரியான வரிசை தான். அதுக்கப்புறம் ஒரு பிரச்சன இல்ல. ஆனாலும் மச்சான், உன் டோக்கனும் ஒண்ணு ரெண்டு எழுத்து தான, நீ எடுக்காத. ஏப்ரல்ல காய் வர்றதுக்குள்ள நீளம் வாரியா எண்ற மாதிரி நானே எழுதறன், முடிஞ்சதும் உனக்கு அனுப்பறன்.