மாமா சொன்ன வழியா, மனசு சொன்ன வழியா?

டிகிரி முடித்ததும் பாளையங்கோட்டையில் குரூப் 2 கோச்சிங்கில் சேரச் சொன்னார் மாமா. எனக்கோ பத்தமடையில் மாமி பாய் நெய்யும் தறிமேல்தான் கண். சர்க்கார் வேலையில் மாதச் சம்பளம், வரன் பேசும்போது தனி மரியாதை, குறை சொல்ல ஒன்றுமில்லை. பாய் அப்படியில்லை. கோரையை நூல்மாதிரி கீறி, ஆற்றுத் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, நயமான பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும், அதுவரை காசைப் பார்க்க முடியாது. மனசைக் கேட்டால் ஜெயிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வக்கீல் தொழிலோடு நிற்காமல் 1906-ல் கப்பல் கம்பெனி ஆரம்பித்த வ.உ.சி., 1908-லேயே ஜெயிலுக்குப் போனார், கம்பெனியும் நொடித்தது. சரி, நான் தறிக்கே போனேன். முதல் பாய் ஓரமெல்லாம் கோணல். மாமி அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, "ஏட்டி, மறுபடி உட்காரு" என்றாள்.